பயில்வான் அண்ணாவின் தொப்புள்கொடி

என் பயில்வான் அண்ணாவுக்கு,

கஸ்தூரி எழுதறேன். நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரி எழுதினதில்லை. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்குக் கடிதம்? "ஏய் கஸ்தூரி"ன்னு கூப்பிட்டா ஓடி வருவேன். கூப்பிடாட்டியும் வந்து நின்னு உன்கிட்ட திட்டு வாங்குவேன். இப்போ நான் கூப்பிடறேன், நீதான் வர மாட்டேங்கிறே. நாலு பேர் படிச்சாலும் பரவாயில்லைன்னு எழுத உட்கார்ந்துட்டேன்.

வீட்டுச் சேதி முதல்ல. அப்பா ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிடையர் ஆயிட்டார். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு மல்காஜ்கிரியில சின்னதா ஒரு வீடு. ஒர்க்‌ஷாப் சங்கு அங்கே கேக்காது. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு, எங்கே போறதுன்னு தெரியாம வாசல்ல நிக்கிறார். நான் தார்நாகாவுல ஒரு ஸ்கூல்ல பயாலஜி டீச்சர். சிரிக்காதே. தவளையைப் பார்த்தா கட்டில் மேல ஏறினவதான், இப்போ பிள்ளைங்களுக்கு அதை அறுத்துக் காட்டறேன். நீ பார்க்காத உன் மாப்பிள்ளை பேர் சேகர். சனத்நகர்ல ஒரு சர்க்கார் கம்பெனியில இன்ஜினீயர். நல்ல மனுஷன். கோபமே வராது, அதுதான் அவர்கிட்ட எனக்குக் கோபம்.

இன்னொரு சேதி. எனக்கு நாலாவது மாசம் நடக்குது. நல்ல சேதிதானே, அதை ஏன் கடைசியில சொல்றேன்னு கேப்பே. சொல்றேன், பொறு.

முரளிங்கிற உனக்குப் பயில்வான்னு எப்படிப் பேர் வந்துச்சுன்னு அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்காங்க. அஞ்சு வயசுல உன் கெண்டைக்கால் ரெண்டும் திரண்டு கல்லு மாதிரி நிக்குமாம். அப்பாவோட வேலை பார்க்கிறவங்க சைக்கிளை நிறுத்தி, அதைத் தட்டிப் பார்த்து, "க்யா பஹல்வான்!"னு சொல்லிட்டுப் போவாங்களாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கலை, தினம் உனக்கு ஒரு முட்டை. அந்தப் பயில்வான் தரையிலிருந்து எழுந்திருக்கணும்னா தன் முழங்கால்ல கையை ஊணி, தொடையில ஊணி, தன் மேலேயே தான் ஏறி எழுந்திருப்பான். அதையும் எல்லாரும் விளையாட்டுன்னுதான் நினைச்சாங்க.

அது பலம் இல்லை அண்ணா. தசை கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சு, அந்த இடத்துல கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்த வீக்கம். தசை சுருங்கி விரியும்போது கிழியாம இருக்க உள்ளுக்குள்ள ஒரு புரதம் முட்டுக்கொடுத்து நிக்குதாம். டிஸ்ட்ரோஃபின்னு பேர் வெச்சிருக்காங்க. அதை எப்படிச் செய்யணும்ங்கிற குறிப்பு எந்த ஜீன்ல இருக்குன்னு கண்டுபிடிச்சதே சில வருஷம் முன்னாடிதான், நீ போன பிறகு. உன் உடம்புல அந்தக் குறிப்புல ஒரு பிழை. அதனால முட்டு இல்லை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உன் கால் உள்ளுக்குள்ள கிழிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டாததால இல்லை. கிரகணத்தன்னிக்கு அம்மா காய் நறுக்கினதால இல்லை. பாவி, இதைச் சொல்ல ஒருத்தரும் அப்போ இல்லையே! எத்தனை கோயில், எத்தனை தர்கா, எத்தனை எண்ணெய். ஒவ்வொண்ணுக்கும் நீ "நக்கோ"ன்னுவே. வேண்டாம்னு தமிழ்ல உனக்குச் சொல்லவே வராது. ஒர்க்‌ஷாப் பசங்களோட சேர்ந்து உருது ஒட்டிக்கிச்சு, எல்லாத்துக்கும் நக்கோ. பிடிச்சிருந்தா மட்டும் "ஹவ்". நான் உன்னைச் சைக்கிள் கேரியர்ல உட்கார வெச்சு மெட்டுகுடா வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போகட்டுமான்னு கேட்டா, கேக்கறதுக்குள்ள ஹவ்.

இப்போ விஷயத்துக்கு வரேன். அந்த ஜீன் இருக்கிறது X-ங்கிற குரோமோசோம்ல. பொண்ணுக்கு X ரெண்டு. அம்மா ஒண்ணு கொடுப்பா, அப்பா ஒண்ணு கொடுப்பார். ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்கும், பெரும்பாலும் வெளியில ஒண்ணும் தெரியாது. பையனுக்கு ஒரே X, அதுவும் அம்மா கொடுக்கிறது. அது பழுதுன்னா மாத்து கிடையாது. அம்மாவோட தம்பி ஒருத்தர் சின்ன வயசுல உன்னை மாதிரியே விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில எழுந்திருக்காமலே போனார்னு சொல்வாங்களே. ஆக, அம்மாகிட்ட இருந்த ரெண்டுல ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. உனக்குப் பழுதானது வந்துச்சு. எனக்கு வந்தது எது?

இதைத்தான் வருஷாவருஷம் போர்டுல வரைஞ்சு, "பாதிக்குப் பாதி வாய்ப்பு, எழுதிக்கோங்க"ன்னு சொல்றேன். பிள்ளைங்க எழுதிக்கிட்டு டிஃபன் பாக்ஸைத் திறக்குதுங்க. எனக்கு நல்லது வந்திருந்தா, நானும் மத்தவங்க மாதிரி நிம்மதியா வாந்தி எடுத்துக்கிட்டு இருப்பேன். பழுதானது வந்திருந்தா, வயித்துல இருக்கிறது பையனாவும் இருந்தா, அவனும் பாதிக்குப் பாதி உன்னை மாதிரி. அஞ்சாம் மாசம் முடியறதுக்குள்ள எதுவானாலும் முடிவு பண்ணிக்கோங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. என் X நல்லதுன்னு தெரிஞ்சா வேற ஒண்ணும் வேண்டாம். பழுதுன்னா வயித்து நீரை எடுத்துப் பிள்ளையையும் பார்க்கணும்.

சேகர்கிட்ட கேட்டா, "உன் இஷ்டம் கஸ்தூரி"ங்கிறார். அப்பாகிட்ட கேட்டா எழுந்து வாசலுக்குப் போயிடறார். திருச்சியில மாமியார் வளைகாப்புக்கு இப்பவே நாள் பார்க்கறாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் உனக்கு வந்தது போலியோ. கல்யாணப் பேச்சுல அப்பா அப்படிச் சொல்லிட்டார். சேகருக்கு மட்டும் உண்மை தெரியும். பொய் அப்பாவோடது, அதுக்குள்ள உட்கார்ந்திருக்கிறது நான். மூச்சு முட்டுது அண்ணா. முன்னாலயும் சுவர், பின்னாலயும் சுவர், நடுவுல வயிறு மட்டும் வளருது.

பத்மஜான்னு ஒரு சிநேகிதி எனக்கு. தார்நாகாவுல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பார்க்கிறா. அவளைக் கேட்டேன். அவ சொன்னா: "உன் ரத்தமும் உங்க அம்மா ரத்தமும் இருந்தா, அம்மாவோட ரெண்டு X-ல எது உனக்கு வந்துச்சுன்னு பார்த்துடலாம். ஆனா அந்த ரெண்டுல எது பழுதுன்னு உங்க அண்ணாதான் சொல்லணும். அவருக்கு வந்ததே உனக்கும் வந்திருந்தா மாட்டிக்கிட்டே. மத்தது வந்திருந்தா தப்பிச்சே." நான் சொன்னேன், அண்ணா போய் வருஷக்கணக்காச்சேடின்னு. "அவர் ரத்தம் எங்கேயாவது எடுத்து வெச்சிருக்கா? பல்லு? ஏதாவது?"ன்னு கேட்டா. அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

தாயத்து.

நம்ம ரெண்டு பேருக்கும் பிறந்தப்போ விழுந்த தொப்புள்கொடியைக் காயவெச்சு, வெள்ளித் தாயத்துல போட்டு, அரக்கு வெச்சு அடைச்சு, அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டினாங்களே. என்னோடதை நான் பெரியவளானப்போ கழட்டிட்டாங்க. உன்னோடது கடைசி வரைக்கும் உன் இடுப்புல கிடந்துச்சு. உன்னைக் குளிப்பாட்டினப்போ கயித்தை அறுத்து அம்மா எடுத்துக்கிட்டதை நான் பார்த்தேன். அது சாமி அலமாரியில விபூதி டப்பாவுக்குள்ள இருக்குன்னும் எனக்குத் தெரியும். பத்மஜா குதிச்சா. காய்ஞ்சதுதான் நல்லதாம், ஈரம் பட்டாத்தான் கெடுமாம். துளி கிடைச்சாலும் அதை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி லட்சக்கணக்கா நகல் எடுக்கிற முறை ஒண்ணு புதுசா வந்திருக்காம்.

அம்மாகிட்ட கேட்டேன். கையை நீட்டி ரத்தம் கொடுக்க அம்மா ஒரு வார்த்தை பேசலை. தாயத்தைக் கேட்டதும் மட்டும் கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாங்க. நான்தான் கத்தி முனையால அரக்கைப் பெயர்த்தேன். உள்ளே சுக்குத் துண்டு மாதிரி ஒண்ணு. இதுதான் என் அண்ணான்னு நினைச்சு அழுதேன்.

முடிவு வர்றவரைக்கும் நான் இருந்த இருப்பை நீ பார்த்திருக்கணும். சாம்பார்ல ரெண்டு தரம் உப்பு, பரீட்சைப் பேப்பர்ல எல்லாருக்கும் நல்ல மார்க். பிறகு பத்மஜா ஸ்கூல் வாசலுக்கே வந்து நின்னா. 

"ஏமே கஸ்தூரி, உங்க அண்ணா பையன்தானே?"ன்னு கேட்டா.

"இதென்ன கேள்வி?"

"பையன்னா X ஒண்ணுதானே இருக்கணும்? இதுல ரெண்டு வகை விழுது. இது பொண்ணோட கொடி. பக்கத்துல உன் ரத்தத்தை வெச்சுப் பார்த்தேன், அச்சு அசலா அதேதான். இது நீதான் கஸ்தூரி."

வாசல்ல வேர்க்கடலை விக்கிறவர் பக்கத்துல அப்படியே உட்கார்ந்துட்டேன். உன் இடுப்புல கிடந்த தாயத்துல நான் எப்படிப் போனேன்?

ஆட்டோ பிடிச்சு நேரா மல்காஜ்கிரி. அம்மா அடுக்களையில அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தாங்க. நான் கேக்கிறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கையைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க.

"அவன் மாடிப்படி ஏற முடியாம நின்னான் பாரு, அன்னிக்குத்தான் மாத்தினேன்"னாங்க. "நீ அப்போ குட்டிப் பொண்ணு, வீடு பூரா ஓடுவே. உன் கொடிக்குக் கெட்டி ஆயுசுன்னு தோணிச்சு. உன்னோடதை அவனுக்குக் கட்டினேன், அவனோடதை உனக்குக் கட்டினேன். உன் ஓட்டத்துல கொஞ்சம் அவனுக்குப் போகாதான்னு ஒரு நப்பாசை. உங்க அப்பாவுக்குக்கூடத் தெரியாது."

கேட்டியா அண்ணா? இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? என் ஓட்டம் உனக்கு வரலை, அது வேற விஷயம். ஆனா நான் தெருவுல ஓடினப்போ எல்லாம் என் இடுப்புல நீதான் குதிச்சிருக்கே. நீ ஜன்னல்கிட்ட உட்கார்ந்து ஷிஃப்ட் முடிஞ்சு போறவங்களை வம்புக்கு இழுத்தப்போ உன் இடுப்புல நான் உட்கார்ந்திருக்கேன். உன்னைக் குளிப்பாட்டித் தூக்கற வரைக்கும்.

"அப்போ அவனோடது?"ன்னு கேட்டேன்.

அம்மா புடவைக் கொசுவத்துக்கு மேல கையை வெச்சாங்க. அவங்க இடுப்புல இருக்கு. நான் பெரியவளானப்போ கழட்டினதை, அன்னியிலிருந்து தானே கட்டிக்கிட்டிருக்காங்க.

எனக்கு வந்த கோபத்தை என்னன்னு சொல்ல! "தெரிஞ்சே தப்பானதைக் கொடுத்தியா? எனக்கு இருக்கிறது கொஞ்ச நாள்தான்னு தெரியுமில்ல? கைக்கு, ஏம்மா இப்படிப் பண்ணினே?"ன்னு கத்தினேன். கோபம் வந்தா எனக்கும் உன் பாஷைதான் வருது. கொடியை ஆராய்ச்சிக்கூடத்துல கரைச்சுடுவாங்கன்னு பயந்து அம்மா மறைச்சிருப்பாங்க, பெத்த மனசுன்னு நினைச்சேன். துளி போதும்மா, மிச்சத்தைத் திருப்பித் தந்துடுவாங்கன்னு சொன்னேன்.

"அதுக்கில்லடி"ன்னாங்க அம்மா. "அவனை மாதிரி ஒருத்தன் வேண்டாம்னு சொல்றதுக்கு, அவனையே சாட்சிக்குக் கூப்பிடறியே. பெத்தவ நான் எப்படி அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்துவேன்?"

அம்மா பாதியில விட்ட அரிசியை எடுத்துக் களைய ஆரம்பிச்சேன்.

கொஞ்சம் கழிச்சு அம்மாவே சொன்னாங்க: "இந்தச் சோதனை வேண்டாம்னு உன்கிட்ட சொல்லவும் எனக்கு வாய் வரலை. அவன் பட்டதை இன்னொரு பிள்ளை படறதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. அந்தக் காலத்துல என்னை யாராவது கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலைடி. நல்லவேளை, யாரும் கேக்கலை."

என்னைக் கேக்கறாங்களே அண்ணா. அதுதானே என் தலையெழுத்து. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அதனால அழுதாங்க, வேண்டிக்கிட்டாங்க, தாயத்தை மாத்திக் கட்டினாங்க. எனக்குத் தெரிஞ்சுக்கிற வழி வந்துடுச்சு. வழி வந்த பிறகு அதுல போகாம இருக்கிறதும் ஒரு முடிவுதான், என் தலையிலதான் விடியும். உங்க காலத்துல விதின்னு சொல்லிட்டுத் தூங்கலாம். எனக்கு அது இல்லை.

சரி, உன்னையே சாட்சிக் கூண்டுல ஏத்தினா நீ என்ன சொல்லுவே? அதையும் யோசிச்சுப் பார்த்தேன். காட்பாடி அத்தை வந்திருந்தப்போ, நீ கேட்டுக்கிட்டு இருக்கும்போதே, "இப்படி ஒண்ணு பிறக்காமலே இருந்திருக்கலாம்"னு சொன்னாங்களே. எங்க எல்லாருக்கும் ரத்தம் கொதிச்சுது. நீ மட்டும் சிரிச்சுக்கிட்டே, "ஹவ் அத்தை. ஆனா வந்துட்டேனே, என்ன பண்றது? ஒரு காபி கிடைக்குமா?"ன்னே. அத்தை எழுந்து போய்க் காபி போட்டாங்க. அந்த முரளியைக் கேட்டா, வரட்டும்னுதான் சொல்லுவான்.

ஆனா கடைசி வருஷத்து முரளியும் நீதானே? தலையணையை நாலு அடுக்கி உன்னைச் சாய்ச்சு உட்கார வெச்சிருந்தோம். மூச்சு இழுக்கிறதே ஒரு வேலையாப் போயிருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் நான் கஞ்சி ஊட்டினப்போ வாயை மூடிக்கிட்டே. அப்புறம் மெதுவா, "நக்கோடி கஸ்தூரி. போதும், நக்கோ"ன்னே. கஞ்சியைச் சொல்றேன்னு அம்மா நினைச்சாங்க. நீ கஞ்சியைச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த முரளியைக் கேட்டா?

ரெண்டு சாட்சியும் நீயே சொல்லிட்டுப் போயிட்டே. எதை நான் எடுத்துக்கட்டும்?

நேத்து அம்மா சனத்நகர்ல எங்க வீட்டுக்கு வந்தாங்க, தனியா, பஸ் மாறி. சேகர் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்தச் சொன்னாங்க. இடுப்புலிருந்து கயித்தை அவிழ்த்து என் இடுப்புல கட்டினாங்க, வயித்தை இறுக்காம, தளர்வா. "அன்னிக்கு உன்னைக் கேக்காம உன்னோடதை அவனுக்குக் கட்டினேன். இன்னிக்கு அவனைக் கேக்காம அவனோடதை உனக்குக் கட்டறேன். சரியாப் போச்சு. இனிமே நான் குறுக்க வரலை. நீயும் அவனும் பேசிக்கோங்க"ன்னு சொல்லிட்டு, காபிகூடக் குடிக்காம கிளம்பிட்டாங்க.

அதான் பேசறேன். குனிஞ்சு எழுதறப்போ உன் தாயத்து வயித்துல குத்துது. முன்னாடியும் இப்படித்தான், நான் பாடம் எழுத உட்கார்ந்தா கிள்ளிக்கிட்டே இருப்பே.

நாளைக்குப் பத்மஜாகிட்ட போறேன் அண்ணா. அரக்கைப் பெயர்த்துத் துளி எடுக்கச் சொல்லப் போறேன். எனக்குத் தெரிஞ்சே ஆகணும். தெரியாம இருக்க எனக்கு முடியலை, நான் அம்மா இல்லை. தெரிஞ்ச பிறகு என்ன செய்வேன்னு இன்னிக்கு எனக்குத் தெரியாது, பொய் சொல்லலை. இந்த ஜீன் ரொம்ப நீளமாம், சில சமயம் நடுவுல அறுந்து மாறி ஒட்டிக்குமாம், அதனால வர்ற பதிலும் நூத்துக்கு நூறு இல்லைன்னு பத்மஜா சொல்லிட்டா. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஒரு சத்தியம் மட்டும் பண்ணித் தரேன். உன் கொடி எனக்கு வழி காட்டலாம், ஆனா தீர்ப்பு சொல்லச் சொல்ல மாட்டேன். நாளைக்கு நான் வேண்டாம்னு சொன்னா, "எங்க அண்ணா பட்ட பாட்டைப் பார்த்தவ நான், அதனாலதான்"னு உன் பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்க மாட்டேன். வரட்டும்னு சொன்னாலும், எங்க அண்ணா சிரிச்சுக்கிட்டே வாழ்ந்தான்னு சொல்லி அந்தப் பிள்ளை வலியைச் சின்னதாக்க மாட்டேன். நக்கோவோ ஹவ்வோ, அது என் வாயிலிருந்து வரும். மாமியாருக்கும் இந்த வாரமே எழுதிடறேன், உனக்கு வந்தது போலியோ இல்லைன்னு. மிச்சக் கொடியைத் திரும்பத் தாயத்துல போட்டு, அம்மா இடுப்புல நானே கட்டிடறேன்.

அதுவரைக்கும் பழையபடி என் இடுப்புல இரு. இந்தத் தடவை என்னால ஓட முடியாது, மெதுவாத்தான் நடப்பேன். உனக்கு அது பழக்கம்தானே.

உன் கொடியைக் கட்டிக்கிட்டு உனக்கும் சேர்த்து ஓடின தங்கச்சி,
கஸ்தூரி